கிருபை டீச்சரின் இரண்டு துணிகள்

கிருபை டீச்சர் தன் இட்லிக் குண்டானில் இட்லி அவித்து நான் பார்த்ததே இல்லை. இந்தச் சனிக்கிழமையும் அதில் தண்ணீர் ஊற்றி, ஊறவைத்த வெட்டிவேரை ஒரு கைப்பிடி போட்டு, நடுவில் சின்ன ஸ்டாண்டின் மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குழியில் ஐஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அடுப்பு சிம்மில் எரிகிறது. ஆவி மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். முக்கால் மணி நேரத்தில் ஒரு டம்ளர் தேறும். நாயைக் குளிப்பாட்டிய பிறகு அதன் முதுகில் துணியால் ஒற்றிவிடுவதற்கான வாசனைத் தண்ணீர் அது. அது தயாராகிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே நாலைந்து நாய்கள் காத்துக் கிடக்கும். அதில் ஒன்று என் நாய்.

என் நாய் என்பதை நான் அடிக்கடி சொல்வேன். காரணம் இருக்கிறது. அவன் பெயர் கருப்பட்டி. நிறம் அப்படி. மூன்று வருடத்துக்கு முன்னால், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்ற மாதம், சரக்குக் கொட்டகை ஓரத்தில் கண் திறக்காமல் கிடந்தவனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு பைக்கில் கொண்டுவந்தவன் நான். பஞ்சில் பாலை நனைத்து வாயில் பிழிந்தவன் நான். இவ்வளவையும் செய்தவனை விட்டுவிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்கு டீச்சரின் ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அந்த மூதி எழுந்து ஓடுகிறான். எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

கிருபைக்கு நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பாடம் நடத்துகிற வேலை இல்லை, குடுவைகளைக் கழுவி அடுக்குகிற வேலை. ஆனாலும் எங்கள் தெருவுக்கு அவர் டீச்சர்தான். கணவர் பொன்னுதுரை சரக்குக் கப்பலில் இருக்கிறார், எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். போனமுறை வந்தபோது ஃபிரிஜ்ஜைத் திறந்து, குடிதண்ணீர் என்று நினைத்து வெட்டிவேர்த் தண்ணீரை முக்கால் பாட்டில் குடித்துவிட்டார். டீச்சர் பதறவில்லை. "நாயி நக்குனாலே ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான செய்யுதேன். மனுசன் குடிச்சா என்ன ஆயிரும்?" என்று சொல்லிவிட்டு, காலி பாட்டிலைக் கழுவப் போனார்.

சனிக்கிழமைகளில் அவர் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார். பூ கிடையாது, பவுடர் கிடையாது. "நம்ம வாசன குறுக்க வந்திரக் கூடாதுல்லா" என்பார். முடி அன்றைக்குப் பறந்துகொண்டிருக்கும். பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூக்கை லேசாகச் சுருக்குவார். "மத்தியானம் சீலா மீனா அண்ணாச்சி?" என்று கேட்பார். எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவிவிட்டு அவர் வீட்டுக்குப் போய் நின்றவன் நான். சீலா மீன்தான். எனக்கு அந்த மூக்கின் மேலும் பொறாமை.

எங்கள் ஊர் நாய்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரையில் கருவாடு காய்கிற இடத்துக்குப் போய் நன்றாகப் புரண்டுவிட்டு, ஏதோ பரிசு வாங்கி வந்தவன் போல வீட்டுக்குள் நுழையும். அந்த நாற்றத்தில் வீட்டில் சோறு இறங்காது. அதனால்தான் கடைகளில் விற்கிற வாசனை ஷாம்புகளுக்கு இங்கே அவ்வளவு கிராக்கி. அப்படி ஒன்றைப் போட்டுத்தான் கிருபையின் பழைய நாய்க்குத் தோல் முழுக்கப் புண்ணாகி, ஆறு வாரம் சொறிந்துகொண்டே கிடந்தது. அப்போது ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர் இட்லிக் குண்டானை எடுத்தார். அந்த நாய் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது, குண்டான் மட்டும் இன்னும் அடுப்பை விட்டு இறங்கவில்லை.

அவர் செய்கிற வேலையைப் பார்த்தால் உங்களுக்கே பொறுமை போய்விடும். கற்றாழையைச் சீவி, மஞ்சள் பால் முழுக்க வடிகிற வரைக்கும் சாய்த்துவைத்து, ஏழு தண்ணீரில் அலசி, உள்ளே இருக்கிற சோற்றை மட்டும் எடுப்பார். ஓட்ஸை மாவாக அரைத்து மெல்லிய துணியில் சலிப்பார். இரண்டையும் கலந்து குளிக்கவைக்கிற கூழ் தயாராகும். மூன்று நாளுக்குமேல் அதை வைத்திருக்கமாட்டார், மீந்தால் கொட்டிவிடுவார். வடித்த தண்ணீர் ஒரு மாதத்துக்குள் தீர வேண்டும். எதைச் செய்தாலும் முதலில் அவருடைய முழங்கை மடிப்பில்தான் தடவுவார். மறுநாள் அதே நேரம் வரைக்கும் தோல் சிவக்கவில்லை என்றால்தான் நாயிடம் போகும். அதுவும் காதுக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்தில் தடவி, இன்னொரு நாள் காத்திருப்பார்.

கடைசியாக இரண்டு துணி. அவர் வீட்டு ஹாலில், சுவரோரமாக, ஒரே அளவில் இரண்டு வெள்ளைத் துணிகளை விரிப்பார். ஒன்றில் புது வாசனை. இன்னொன்று வெந்நீரில் போட்டெடுத்த வெறும் துணி. நாயை உள்ளே விட்டுவிட்டு, யாரும் பேசக் கூடாது என்று விரலைக் காட்டுவார். நாய் வாசனைத் துணியில் படுத்தால் சரி. அதை விட்டுவிட்டு வெறும் துணிக்குப் போய்விட்டால், எவ்வளவு பாடுபட்டுச் செய்ததாக இருந்தாலும் கொட்டிவிடுவார். மூன்று நாய்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒன்று வேண்டாம் என்றாலும் போச்சு. நீள நோட்டு ஒன்றில் நாய்களின் பெயரை எழுதி, எதிரே 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று எழுதுவார்.

"நமக்குத்தான் இது வாசன அண்ணாச்சி. அவனுக்குச் சத்தம். கோயில் கொடைக்குக் கெட்டுத ஸ்பீக்கர உங்க காதுக்குள்ள வச்சா இருப்பியளா? எந்திரிச்சுப் போவத்தான செய்விய." இதை அவர் சொல்லாத ஆள் தெருவில் இல்லை.

பூனைக்கு மட்டும் எதுவும் செய்து தரமாட்டார். கல்லூரியில் படிக்கிற ஜாஸ்லின் தன் வெள்ளைப் பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சமாக, ஒரே ஒரு சொட்டு, என்று கெஞ்சிப் பார்த்தாள். "பூனைக்கு வாசனையே தடவக் கூடாது மக்கா. அது தன்னத் தானே நக்கிக் குளிக்கும். நீ முதுகுல தடவுனது பூராவும் அது வயித்துக்குள்ளதான் போவும். சீப்பு தாரேன், கொண்டு போ" என்று அனுப்பிவிட்டார். விற்கிறாரா என்றால் அதுவும் இல்லை. கேட்கிறவர்களுக்குச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காதவர்களிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

நான் வாளியைத் தூக்கினால் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிற கருப்பட்டி, அவர் "ஏலே, வா" என்று ஒரு சொல் சொன்னால் போய் நிற்பான். கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். குளித்து முடித்து வெட்டிவேர் வாசத்தோடு என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். என் மனைவி சண்முகவடிவு இதையெல்லாம் வாசலில் நின்று ரசிப்பாள். "முப்பத்தஞ்சு வருசத்துல என்னைய ஒருநாளாவது இப்பிடித் தேடியிருக்கியளா? நாயி எதுத்த வீட்டுக்குப் போனா மட்டும் மூஞ்சி சுண்டிப் போவுது" என்பாள்.

போன ஐப்பசி மழையில் உண்ணி பெருகியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் என்ன பெரிய விஞ்ஞானியா, குடுவை கழுவுகிறவர்தானே, நாமும் ஒன்று செய்தால் என்ன என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன். எங்கள் வீட்டில் சளிக்கு, பேனுக்கு, முழங்கால் வலிக்கு எல்லாம் ஒரே வைத்தியம்தான், தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சுடவைத்துத் தேய்ப்பது. நாய்க்கு மட்டும் ஆகாதா? உண்ணியும் போகும், வாசனையும் கோயில் வாசனை. கட்டிகளைத் தாராளமாக நுணுக்கிப் போட்டேன். சண்முகவடிவு மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கருப்பட்டியைக் கட்டிப்போட்டு, கழுத்திலிருந்து வால்வரைக்கும் தேய்த்தேன். மூன்று முறை தும்மினான். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அவிழ்த்துவிட்டேன். மூலையில் போய் உட்கார்ந்து முதுகையும் தொடையையும் நக்கத் தொடங்கினான். சுத்தம் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு பேப்பர் படித்தேன்.

அரை மணி நேரத்தில் வாயிலிருந்து நுரை. வாந்தி. பின்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்க, எழுந்து நிற்கப் பார்த்துச் சரிந்தான். மார்க்கெட்டிலிருந்து வந்த சண்முகவடிவு பையை அங்கேயே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். வேண்டாம் என்று நான் சொன்னேன். நாய் செத்துக்கொண்டிருக்கும்போதும் அந்த அம்மாள் வரக் கூடாது என்று சொன்னவன் நான்.

நைட்டிமேல் துண்டைப் போட்டபடி கிருபை வந்தார். தரையில் உட்கார்ந்தார். "என்ன தடவுனிய?"

"ஒண்ணும் தடவல. வெளிய எதையாவது தின்னுட்டு வந்திருப்பான்" என்றேன்.

அவர் குனிந்து கருப்பட்டியின் முதுகை ஒருமுறை முகர்ந்தார். பிறகு என் வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்களை முகர்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எத்தன கட்டி போட்டிய அண்ணாச்சி?"

எட்டு, என்றேன். அவர் அப்போதே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு, கற்பூரம், எட்டுக் கட்டி, தேங்காய் எண்ணெயில், நக்கியிருக்கான், அரை மணி நேரமாச்சு என்று ஆய்வுக்கூடத்தில் பாட்டிலின் லேபிளை வாசிக்கிற குரலில் சொன்னார். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், எண்ணெயைக் கழுவி உடனே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னார். எந்த நாய்மேலும் சோப்பு படவிடாத அந்த அம்மாள் எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரை எடுத்து அவன்மேல் ஊற்றித் தேய்த்தார். "வேற வழியில்ல லே, பொறுத்துக்கோ. எண்ணெ போவணும்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே தேய்த்தார். ஆட்டோவில் அவன் தலை அவர் மடியில் இருந்தது. நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் அவன் தலை ஏன் என் மடியில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படியும் ஒரு மனிதனா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையேதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம் வரைக்கும் டிரிப் ஏற்றினார்கள். யார் தடவியது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கிருபை, "வீட்டுல தெரியாமப் பட்டுட்டு டாக்டர்" என்றார். நடுக்கம் நின்றதும் கருப்பட்டி முதலில் அவர் கையை நக்கினான். நான் என் கையை நீட்டினேன். முகர்ந்தான். தலையைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். கிட்டே போனால் என் விரலை முகர்ந்துவிட்டு இரண்டு அடி பின்னால் போவான். புளி போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழம், சீயக்காய், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டேன். அவனுக்கு என் கை கற்பூரமாகவே இருந்தது. நான் வைத்த சோற்றைத் தொடவில்லை, சண்முகவடிவு வைத்தால் தின்றான். மற்ற நேரமெல்லாம் டீச்சர் வீட்டுக் கேட்டில் கிடந்தான். பன்னிரண்டு நாள். டீச்சரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, உயிரையே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சண்முகவடிவிடம் கத்தினேன். "சவத்த விடுங்க. மூக்கு மறக்க நாளாவும்ங்காவ டீச்சர்" என்றாள். டீச்சர் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற தாளை, நாயைக் கூப்பிடப் போன அந்த நாட்களில்தான் படித்தேன். 'நாய்க்கு ஆகாதவை' என்று தலைப்பு. முதல் வரியே கற்பூரம்.

அதே சமயத்தில் டீச்சர் வீட்டில் தாழம்பூ வந்து இறங்கியிருந்தது. அவரோடு வேலை பார்க்கிறவர் ஆலந்தலைப் பக்கமிருந்து நாலு மடல் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வருடத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கிற சாமான். கிருபை ஒரு வாசனையை ஆசைப்பட்டுச் செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான். நாலு மடலையும் பக்குவமாக நறுக்கி, குண்டானில் ஏற்றி இறக்கி, கிடைத்த தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து, வாசனை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வெறும் தண்ணீரில் விளாவினார். வேலை முடிந்து வந்ததும் ஃபிரிஜ்ஜைத் திறந்து அந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பார். முழங்கை சிவக்கவில்லை. டாக்டர் வீட்டுப் பக் நாய் ஒத்துக்கொண்டது. தெருவில் திரிகிற வெள்ளையனும் ஒத்துக்கொண்டான். மிச்சம் கருப்பட்டி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டருகே நின்று கூப்பிட்டார். "அண்ணாச்சி, உங்க துண்டு ஒண்ணு வேணும். துவைக்காதது. அந்த எண்ணெக்கு முந்தி புழங்குனதா இருக்கணும்."

அப்படி ஒன்று என் பைக் சீட்டுக்கடியில்தான் இருந்தது. துறைமுக வேலை நாளிலிருந்து சீட்டையும் கழுத்தையும் துடைக்கிற துண்டு. சண்முகவடிவு அதைக் குச்சியால்கூடத் தொடமாட்டாள். என்னைக் கேலி செய்கிறார் போல என்று கறுவிக்கொண்டேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் ஹாலில் இரண்டு துணி விரிந்தது. ஒன்று தாழம்பூத் தண்ணீர் ஒற்றிய வெள்ளைத் துணி. வழக்கமாக வெறும் துணி இருக்கிற இடத்தில் என் துண்டு.

"டீச்சர், அது நாறும்" என்றேன்.

"நாறட்டும்" என்றார். விரலைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

கருப்பட்டி உள்ளே வந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியை முகர்ந்தான். ஒரு காலை வைத்தான், இன்னொரு காலை வைத்தான், உட்கார்ந்தான். முடிந்தது என்று நினைத்தேன். எதிரே நின்ற கிருபையின் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன், அதை அவரால் மறைக்க முடியவில்லை. அடுத்து அவன் மூக்கு ஆடியது. எழுந்தான். துண்டின் ஓரத்தில் மூக்கை வைத்து, அதன் மடிப்புக்குள் முகத்தை நுழைத்து, வெகுநேரம் அப்படியே நின்றான். மூன்று சுற்றுச் சுற்றி அதன்மேல் படுத்து, முகவாயை வைத்துக்கொண்டான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு பார்த்தான். வால் தரையில் ஒருமுறை தட்டியது. நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் எழுந்து விலகவில்லை.

ஆனால் கிருபை நோட்டை எடுத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "டீச்சர், இது கணக்குல வராது. எப்பவும் வெறுந்துணிதான வைப்பிய? துண்ட எடுத்துட்டு மறுபடி வச்சிப் பாருங்க, கண்டிப்பா அதுலதான் படுப்பான்" என்றேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஒக்காந்தவன் எந்திரிச்சுப் போயிட்டாம்லா அண்ணாச்சி" என்றார். நோட்டில் கருப்பட்டியின் பெயருக்கு எதிரே 'வேண்டாம்' என்று எழுதினார். ஃபிரிஜ்ஜைத் திறந்தார். நாலு மடலின் தண்ணீரையும் சிங்க்கில் சாய்த்து, கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். கழுவி, ஜன்னல் கட்டையில் தலைகீழாக வைத்தார். ஹாலில் எங்கள் இருவரையும் பார்க்காமல் அங்கேயே திரும்பி நின்று, இடது கையை மடக்கி, தாழம்பூத் தண்ணீரைத் தடவிப் பார்த்த முழங்கை மடிப்பை மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒருமுறை முகர்ந்துவிட்டு, கையைக் கீழே இறக்கினார்.